வெடிக்காத செல்

ஆள் மேல் கோபம் வைத்திருக்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. வேலி தள்ளிப் போட்டதற்காக, கலியாண வீட்டில் கறி குறைத்து வைத்ததற்காக, பள்ளிவாசலில் செருப்பு மாறிப் போனதற்காகக் கூட வருசக் கணக்காய்க் கதைக்காமல் இருக்கிற மனிசர் மருதமுனையில் இருக்கிறார்கள். பக்கீர் முகைதீனுக்கு ஆள் மேல் கோபமில்லை. ஒரு சொல்லின் மேல் கோபம். செல் என்கிற சொல்.

அவனுடைய சைக்கிள் கடையில் குந்தியிருந்து யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் தீர்ந்தது. கையில் இருக்கிற ஸ்பேனர் நிலத்தில் விழும்.

"போன் எண்டு சொல்லுடா. செல்போன் எண்டு சொல்லாத. அந்தச் சனியன் பிடிச்ச சொல்லு என்ட கடைக்குள்ள வேணாம்."

"ஏன் காக்கா, சொல்லு என்ன செஞ்ச?"

"என்ட ராத்தாட காலத் தின்ட சொல்லுடா அது. நாலு வருசம் வெச்சுத் தின்ட."

காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டவன் சிரிப்பான். சிரிக்கிறவனுக்கு அன்றைக்கு டியூப் ஒட்டுகிற வேலை நடக்காது.

ராத்தா என்றால் அக்கா, ஸுலைஹா. பக்கீருக்கு வயதிலும் மூத்தவள், வாயிலும் மூத்தவள். கால் தறியின் மிதியில் எட்டின நாளிலிருந்து நெய்கிறவள். கட்டிக் கொடுத்த இடம் சரிவராமல் அவள் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று, துக்கம் விசாரிக்க வந்து மூக்கை உறிஞ்சிய பெண்டுகளைப் பார்த்து, "அழுற ஆக்கள் வாசல்ல இருந்து அழுங்க. எனக்கு இஞ்ச ஒரு சாரம் முடிக்கக் கிடக்கு" என்று சொல்லிப்போட்டுத் தறியில் இறங்கி இருந்தவள். ஒருத்தன் இடுப்பில் கட்டின சாரத்தைத் தூரத்தில் கண்டே அது அவள் நெய்தது என்று ஆட்கள் சொல்வார்கள். கரை அப்படி நேராக இருக்கும்.

சண்டை மூண்ட புதிதில் ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் செல் விழுந்தது. யார் அடித்தது என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஒரு துண்டு ஸுலைஹாவின் வலது கெண்டைக்காலில் ஏறியது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டு, எல்லாம் எடுத்தாச்சு என்றார்கள். ஆனாலும் மாரி மழை இருட்டினால் அந்த இடம் கடுக்கும். "தாய எடுத்துட்டுக் குஞ்ச உள்ளுக்கு விட்டுட்டாங்க போல" என்று அவள் பகிடி விடுவாள். பகிடிதான். ஆனால் பாதி நம்பிக்கையும் அதில் இருந்தது.

இந்தக் கரையில் அந்தக் காலத்தில் செல் என்றால் ஒரே பொருள், பீரங்கிக் குண்டு. மேலால் கூவிக்கொண்டு வரும், விழும், வெடிக்கும். வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்தால் அதைவிடப் பயம். யாராவது தெரியாமல் மிதிக்கும் வரைக்கும் அது பொறுத்துக் கிடக்கும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

பிறகு கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஸுலைஹா தறியில் இருந்தாள். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கும் முன்னால் தண்ணீர் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. தறியின் பெரிய மரம் பிடுங்கி வந்து அவளுடைய வலது காலைச் சுவர் மூலையோடு சேர்த்து நெரித்தது. எலும்பு முறிந்த சத்தம் தண்ணீருக்குள்ளும் கேட்டது என்பாள். ஆனால் காலை முறித்த அதே மரம்தான் ஆளைக் கடலுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தது. தண்ணீர் வற்றின பிறகு பக்கீர் வந்து தேடினான். அந்தத் தெருவில் வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கிணறு எங்கே, வேலி எங்கே என்று தெரியவில்லை. "டேய், இஞ்சால கிறுகிப் பாருடா, குருடா" என்று ஒரு குரல் கேட்டது. அந்த ஏச்சைக் கேட்டுத்தான் அவன் முதல் தடவை அழுதான். உடைந்த கதவு ஒன்றில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெளியால் கம்பிக் கூடு பூட்டினார்கள். பிறகு கூட்டைக் கழற்றிப் பிளாஸ்டர் போட்டார்கள். ஆணி இரண்டு உள்ளுக்கே நின்றுவிட்டது. பிளாஸ்டர் கழற்றுகிற காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு டொக்டர்மார் முகாம் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர். அதில் பக்கீர் விட்டுக்கொடுக்க மாட்டான். தகரத்தின் கீழே வேர்த்து ஊற்ற, சோறு தண்ணி இல்லாமல் நின்று வேலை செய்தவர். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகச் சொன்னார்:

"கவலையே படாதீங்கம்மா. உங்க எலும்புக்குள்ளயே செல் இருக்கு."

ஸுலைஹா கெண்டைக்காலைக் கையால் பிடித்தாள். "இன்னும் இருக்கா?"

"நிறையவே இருக்கும்மா. ஸ்டெம் செல்னு பேரு. இப்ப சும்மா தூங்கிட்டு இருக்கு. நீங்க காலை ஊன்றி மிதிக்க மிதிக்க அந்த அழுத்தம் போய் அதுல படும். பட்டதும் வேலை செய்ய ஆரம்பிச்சுடும்."

"மிதிச்சாலா?"

"மிதிச்சாத்தான். பயப்படாம மிதிங்க."

அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். அக்காவும் தம்பியும் வெளியே வந்து வாகை மர நிழலில் இருந்தார்கள்.

"என்னடா சொன்னாரு அந்த மனிசன்?"

"நீயும் கேட்டதானே."

"நிறையக் கிடக்காம்."

"ஓம்."

"மிதிச்சா வேலை செய்யுமாம்."

"ஓம் ராத்தா."

"பயப்படாம மிதிக்கட்டாம்." ஸுலைஹா காலைப் பார்த்தாள். "அவருக்கென்ன, அவர் நாளைக்குப் பிளேன் ஏறிருவாரு."

பக்கீர் மனம் கேளாமல் பிறகு ஒரு நாள் விளக்கமாய்க் கேட்கப் போனான். முகாம் எழும்பிப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கோபத்தின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வருகிறார்கள், சொல்கிறார்கள், போகிறார்கள். சொன்னது என்னவாய் விளங்கினது என்று ஒருத்தரும் நின்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஸுலைஹா அந்தக் காலை நிலத்தில் வைக்கவில்லை. கக்கத்தில் இரண்டு தடி. வலது கால் எப்போதும் அந்தரத்தில். யாரும் கேட்டால், "உள்ளுக்குச் சாமான் கிடக்கு" என்பாள். பக்கத்து வளவு ஆமினா உம்மா தன் கோழிக்குஞ்சுகளைக் கூட இந்தப் பக்கம் வர விடாமல் விரட்டினாள். "கோழி கொத்தி வெடிச்சாலும் ஆருக்குத் தெரியும் வாப்பா" என்பாள். ரோட்டுச் சென்றியில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற கருவியும் ஸுலைஹாவின் காலடிக்கு வந்தால் கீச்சென்று கத்தும். உள்ளே நின்ற ஆணிக்குத்தான் அது கத்தினது. ஆனால் கேட்டவர்களுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

உதவிக்காரர் கொடுத்த புதுத் தறி பொலித்தீன் சுற்றினபடியே புது வீட்டின் பின் அறையில் கிடந்தது. ஸுலைஹா கதிரையில் இருந்து மற்றவர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். தொழுகையும் கதிரையில்தான். ஒவ்வொரு தடவையும் துஆ ஓதி முடித்துவிட்டு, "யா அல்லாஹ், ரெண்டு காலுல நிண்டு உன்னத் தொழணும், அந்தத் தறியில ஒருக்கா இறங்கணும், வேற ஒண்டும் கேக்கல்ல" என்பாள். கேட்கிற பக்கீர், பொருட்களை உருட்டி வேண்டுமென்றே சத்தம் போடுவான். அழுகிற சத்தம் வெளியே போகக் கூடாது அல்லவா.

சண்டை ஓய்ந்தது. றேடியோவில் செல் என்கிற சொல் குறைந்தது. சென்றிகளில் மண்மூட்டை சரிந்து புல் முளைக்கத் தொடங்கியது. அந்த நாட்களில்தான் ஸுலைஹாவின் கால் நோவு கூடிக்கொண்டு வந்தது. முறிந்த இடத்தில் பிடித்து அசைத்தால் நடுவில் இன்னொரு முழங்கால் இருக்கிற மாதிரி அசைந்தது. இனிச் சரிவராது என்று பக்கீர் அவளை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிப் போனான். ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்தவர் டொக்டர் தர்சினி, கல்முனைப் பிள்ளை. படத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அந்தரத்தில் நின்ற பாதத்தைப் பார்த்தார். அந்தப் பாதத்தின் தோல் கைக்குழந்தையின் பாதம் மாதிரி மெத்தென்று இருந்தது.

"உம்மா, நீங்க இந்தக் காலால நடக்கிறயே இல்லயா?"

"எப்பிடி நடக்கிற டொக்டர்? உள்ளுக்கு செல் கிடக்கே."

டொக்டர் படத்தைத் திரும்பவும் தூக்கினார். "ரெண்டு ஆணிதான் கிடக்கு. செல் துண்டு ஒண்டும் இல்லயே."

பக்கீருக்கு ஏறிவிட்டது. "இல்ல எண்டு நீங்க சொல்றீங்க. நிறையக் கிடக்கு எண்டு இந்தியா டொக்டர் சொன்னாரு. இதே மாதிரிப் படத்த வெச்சிட்டுத்தான் சொன்னாரு. ஆர்ர கதைய நாங்க எடுக்கிற?"

"அவர் என்ன சொன்னவர்? அப்பிடியே சொல்லுங்க காக்கா, ஒரு சொல்லும் விடாம."

பக்கீர் சொன்னான். அவன் மறந்தால்தானே. எலும்புக்குள்ளேயே இருக்கிறது, தூங்குகிறது, மிதித்தால் வேலை செய்யும், எல்லாம் அந்த மனிதரின் குரலிலேயே சொன்னான். பெயர் கூட ஏதோ சொன்னார், ஸ்டெம்மோ என்னவோ.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினார். பிறகு அந்தப் பிள்ளைப் பாதத்தைத் திரும்பவும் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு ஸுலைஹாவுக்கு முன்னால் இருந்தார்.

"உம்மா, அது வெடிக்கிற செல் இல்ல. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அறையாலதான் கட்டியிருக்கு, கண்ணுக்குத் தெரியா. இஞ்ச பள்ளிக்கூடத்தில நாங்க அதைக் கலம் எண்டு படிக்கிற. இந்தியாவில செல் எண்டு சொல்லுவாங்க. அவர் சொன்னது சரி. உங்களுக்கு விளங்கினதும் பிழையில்ல. சொல்லுத்தான் ரெண்டு."

"கலமா? சோறு போடுறதும் கலம்தான்" என்றான் பக்கீர். "ஒருத்தர் வெடிக்கிற பேர் சொல்றாரு, நீங்க சோத்துக் கோப்பைர பேர் சொல்றீங்க. படிச்ச ஆக்களுக்கு வேற பேரே கிடைக்கல்லயா?"

"சும்மா கிடடா" என்றாள் ஸுலைஹா. அவள் கண்ணை டொக்டரிடமிருந்து எடுக்கவில்லை. "சொல்லுங்க மகள்."

டொக்டர் சொன்னார். எலும்புக்குள் மச்சையிலும் எலும்பின் மேல் தோலிலும் ஒரு வகைக் கலம் இருக்கிறது. அது என்னவாய் வருகிறது என்று இன்னும் முடிவெடுக்காத கலம். எலும்பாகலாம், குருத்தெலும்பாகலாம், கொழுப்பாகலாம். அதற்குக் கண்ணுமில்லை காதுமில்லை. அதன் உள்ளே நுண்ணிய நூல்கள் குறுக்கும் நெடுக்கும் இழுபட்டுக் கிடக்கின்றன. அந்த நூலால் அது தன்னைச் சுற்றி இருக்கிறதைப் பிடித்து இழுத்துப் பார்க்கும்.

"இழுக்கக் குழைஞ்சு கொடுத்தா, இது மெத்தான இடம், இஞ்ச கொழுப்புப் போதும் எண்டு கிடந்துரும். இறுகிப் பிடிச்சா, பாரம் வாற இடம், இஞ்ச எலும்பு வேணும் எண்டு மாறும். கூட ஆடினா, குருத்தோட நிண்டுரும். உங்கட காலுல இப்ப அதுதான். பாரம் இல்ல, ஆட்டம் மட்டும் கிடக்கு."

"பாவு மாதிரி" என்றாள் ஸுலைஹா.

"என்ன உம்மா?"

"தறியில நீட்டுக்குப் போடுற நூலு. இழுவை இருந்தாத்தான் சீலை விழும். தளந்த பாவுல எவ்வளவு நெய்தாலும் வலைதான் வரும்."

"சைக்கிள் சில்லு மாதிரி எண்டு சொல்லு" என்றான் பக்கீர். "கம்பி எல்லாம் இழுத்துப் பிடிச்சாத்தான் சில்லு சில்லா நிக்கும்."

"உன்ட சில்லும் நீயும்."

டொக்டருக்கு இரண்டும் பிடித்துப் போனது. ஆனால் பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. கலம் இப்படித் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கிறதை ஆய்வுகூடத்துத் தட்டில் வைத்துக் கண்டிருக்கிறார்கள், ஆளின் காலுக்குள் நடக்கிறது அதைவிடச் சிக்கல், முழுக்க யாருக்கும் தெரியாது என்றார். பாரம் வந்தால் எலும்பு தடிக்கும் என்கிறது மட்டும் தெரிந்த விசயம். பெரிய டொக்டரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: காலுக்கு இறுக்கமான உறை போட்டுத் தருகிறோம், ஆடாமல் பிடிக்கும். அதோடு கொஞ்சம் கொஞ்சமாய் மிதிக்க வேண்டும், நேர் கீழே, முறுக்காமல். சில மாதம் பார்ப்போம். கூடவில்லை என்றால் இடுப்பு எலும்பில் எடுத்து வைத்து ஒப்பரேசன். இவ்வளவு காலம் போன பிறகு அதுவும் சரிவரும் என்று கையடித்துச் சொல்ல ஏலாது.

ஸுலைஹா வெளியே வந்து, என்னடா சொன்னாரு என்கிற பழைய கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் எதுக்குடா பயந்த? என்ட எலும்பு எலும்பாகிறதுக்கா?"

பக்கீர் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது உடனே கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தான்.

வீட்டுக்கு வந்து பொலித்தீனைக் கிழித்தான். பின் அறையில் குழி வெட்டித் தறியைப் பூட்டினான். மிதிக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டி இழுத்துக் கட்டினான். ஒரு வார் என்றால் பூவைத் தொட்ட மாதிரி இறங்கும். வார் கூடக் கூட மிதிக்கப் பலம் வேண்டும். டொக்டருக்கு வரைந்து காட்டினான். நேர் கீழே இறங்குகிறதா, பாதம் சரியாமல் பக்கத்துக்குக் கட்டை இருக்கிறதா என்று கேட்டு, பக்கக் கட்டையை உயர்த்தச் சொல்லிவிட்டு அவர் ஓம் என்றார்.

எல்லாம் ஆயத்தம். ஸுலைஹா பிஸ்மி சொல்லித் தறியில் இறங்கி இருந்தாள். வலது பாதம் மிதியில் பட்டது. மரம் டக் என்றது. அவ்வளவுதான், காலை வெட்டி இழுத்துக்கொண்டாள்.

"ராத்தா, செல் இல்ல எண்டு தெரிஞ்சதானே?"

"எனக்குத் தெரியும்டா. காலுக்குத் தெரியல்லயே."

அன்று ஏலவில்லை. மறுநாளும் ஏலவில்லை. மூன்றாம் தரம் அவள் தறியை மூடச் சொன்னபோது பக்கீருக்கு விசர் வந்தது. சாரத்தை மடித்துக் கட்டினான். தறிக்குழிக்குள் இறங்கினான். அந்தப் பருத்த உடம்பை மடக்கி ஒடுக்கி, மிதிக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தான்.

"என்னடா செய்யிற?"

"மிதி. வெடிச்சா ரெண்டு பேரும் ஒண்டா மௌத்தாவம்."

"ஒழும்புடா விசரா."

"மிதிச்சாத்தான் ஒழும்புவன். எனக்குக் கடை திறக்கக் கிடக்கு."

ஸுலைஹா குழிக்குள் பார்த்தாள். நரைத்த தாடி மண்ணில் புரள, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உண்மையாகவே வெடிக்கப் போகிற மாதிரித் தோளைச் சுருக்கிக்கொண்டு கிடந்தான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. சிரித்த வாக்கில் பாதம் தன் பாட்டில் இறங்கி மிதியில் பட்டு, மிதி கீழே போனது. டக். டியூப் அதை மேலே தள்ளியது. திரும்பவும் டக்.

"வெடிக்கல்ல" என்றான் கண்ணைத் திறக்காமல்.

"வெடிக்கல்லடா."

அதற்குப் பிறகு நாளாந்தம் அந்தச் சத்தம் வீட்டில் கேட்டது. நோவு இருந்தது. வீக்கம் கண்டு சில நாள் நிறுத்தினார்கள். டொக்டர் உறையை இறுக்கினார். பக்கீர் ஒரு வார் கூட்டுவான், நோகிறது என்றால் ஏச்சு வாங்கிக்கொண்டு கழற்றுவான். இடையில் ஒரு படம் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் விடிய டக் என்கிற சத்தம் கேட்டுத்தான் பக்கீர் கண் விழித்தான்.

அடுத்த படத்தில், முறிந்த இரண்டு முனைக்கும் நடுவில் மூடுபனி மாதிரி ஒரு வெள்ளை. "தெரியுதா காக்கா?" என்று டொக்டர் கேட்டார். பக்கீருக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத் தெரியுது" என்றான். வெளியே வந்து சுவரோடு நின்று மூக்கைச் சிந்தினான்.

பனி கட்டியானது. ஒரு தடி போனது, பிறகு மற்றத் தடியும் போனது. கால் கொஞ்சம் கட்டைதான், சாய்ந்துதான் நடக்கிறாள். ஆனால் நோன்புப் பெருநாள் தொழுகையில் பெண்கள் வரிசையில் ஸுலைஹா இரண்டு காலில் நின்றாள். பக்கத்தில் நின்ற ஆமினா உம்மா ஸலாம் கொடுத்த கையோடு அவளைக் கட்டிப் பிடித்து, "என்ட கோழியெல்லாம் உன்ட வளவுக்குத்தான் இனி" என்றாளாம்.

முதல் நெய்த சாரம் பக்கீருக்கு. வலது கால் இன்னும் பலம் குறைவு, அதனால் ஒரு கரை பாம்பு மாதிரி நெளிந்திருந்தது.

"இது சாரமா, வேலிக்குக் கட்டுற சீலையா?" என்றான்.

"வேணாட்டித் தா."

கொடுக்கவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் அதைத்தான் உடுத்துகிறான். இப்போது அவள் நெய்கிறதில் கரை நேர்.

இந்தக் கிழமை பெரியநீலாவணையிலிருந்து சீதேவி சைக்கிள் திருத்த வந்தாள். அவளுடைய புருசன் பூபாலசிங்கம் தோணி இழுக்கும்போது விழுந்து கால் முறிந்தவர். பிளாஸ்டர் கழற்றி, இனி ஊன்றலாம், ஊன்றத்தான் வேணும் என்று டொக்டர் சொன்ன பிறகும் மனிசன் கட்டிலை விட்டு இறங்குகிறார் இல்லை, இரண்டு தடி கிடைத்தால் காலைத் தூக்கிக்கொண்டு நடப்பேன் என்கிறார் என்று சொல்லி அழுதாள். பக்கீர் அந்தக் கதையை வீட்டில் சொன்னான். நாடாவை ஓட விட்டுக்கொண்டிருந்த ஸுலைஹா தறியை நிறுத்தினாள்.

கோபத்தையும் ஏச்சையும் சேர்த்து அவள் தம்பியிடம் எத்தனையோ வேலை வாங்கியிருக்கிறாள். கடைசியாய்க் கேட்டது இது, நேற்று அஸர் தொழுத பிறகு.

"அந்தத் தடி ரெண்டும் கூரைக்குள்ள கிடக்கு. இறக்கு."

இறக்கினான். தூசி தட்டினான்.

"பூபாலசிங்கத்திட்ட கொண்டு போ. செல் எண்டு வாய் திறக்காத. கலம் எண்டும் சொல்லாத. உள்ளுக்குக் கிடக்கிறது உன்ட பாரத்தத்தான் பாத்துட்டு இருக்கு எண்டு மட்டும் சொல்லு."

"சரி."

"ரெண்டு தடியும் கேப்பாரு. ஒண்ட மட்டும் குடு. மத்தப் பக்கம் நீ நில்லு."